வாச்சர் மறித்த பட்டியல்

நான் வேலை பார்த்த கொம்பனி தன் பழைய தரவுக் கசிவுத் தடுப்பு மென்பொருளைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கியிருக்கிறது. புதியது தானாகவே யோசிக்குமாம். என் நாற்காலியில் இப்போது இருக்கும் அதிகாரி தொலைபேசியில் அழைத்து, பயிற்சிக் கோப்பில் சேர்க்க என் அனுபவத்திலிருந்து பத்துப் பாடங்கள் எழுதித் தரும்படி கேட்டார். பத்து என்னிடம் இல்லை. இத்தனை வருடம் அந்த மென்பொருளுடன் குடித்தனம் நடத்தியதில் முழுதாக நினைவிருப்பது ஒரு திங்கட்கிழமை. அதை எழுதுகிறேன். பயிற்சிக் கோப்பில் சேர்ப்பார்களா என்பது வேறு விடயம்.

நான் கணினி படித்தவன் அல்ல. இளவயதில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு மாத்தளையிலிருந்து செய்தி எழுதினேன். பிறகு கொழும்பில் அதே பத்திரிகையின் மேசையில் பிழை திருத்தினேன். பெயரை இரண்டு முறை சரிபார்க்கவும், பார்க்காததை எழுதாமல் இருக்கவும் அங்கே பழகினேன். பத்திரிகைக்கு ஆட்கள் அதிகம் என்று ஆனபோது ஊருக்குத் திரும்பி, வாசனைத் திரவியம் ஏற்றுமதி செய்யும் கொம்பனியொன்றில் கணினி இயக்குநராகச் சேர்ந்தேன்.

சில வருடங்களில் வெளிநாட்டு வாங்குநர் ஒருவர் தணிக்கைக் கேள்விகள் அனுப்பினார். தரவு வெளியே கசியாமல் தடுக்க உங்களிடம் என்ன ஏற்பாடு என்று ஒரு கேள்வி. அதுவரை எங்களிடம் இருந்த ஏற்பாடு, கேட்டில் நின்று லொறிகளைக் கையால் தட்டிப் பார்க்கும் வாச்சர் பண்டா. அப்படி எழுத முடியாது என்பதால் மென்பொருள் வாங்கினார்கள். கொழும்பில் ஒரு ஹோட்டலில் ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று நாள் மென்பொருளைப் பற்றி, இரண்டு நாள் பகல் சாப்பாட்டைப் பற்றி. திரும்பி வந்தபோது நான் தரவுப் பாதுகாப்புப் பொறுப்பதிகாரி. மென்பொருளுக்கு ஒரு நீண்ட பெயர் இருந்தது. கொம்பனியில் யாரும் அதைச் சொன்னதில்லை. "புது வாச்சர்" என்றார்கள்.

பெயர் பொருத்தமானதுதான். மிளகு மூட்டை களவாக வெளியே போகிறதா என்று பண்டா பார்ப்பார். எழுத்து வெளியே போகிறதா என்று புது வாச்சர் பார்க்கும். மின்னஞ்சலில், பென் டிரைவில், அச்சுப்பொறியில் எல்லாம் அதற்குக் கண் உண்டு. ஆனால் எதை விடக்கூடாது என்று நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். உருவத்தைச் சொல்லலாம்: பழைய அடையாள அட்டை இலக்கம் என்றால் ஒன்பது எண், பின்னால் ஓர் எழுத்து, புதியது பன்னிரண்டு எண், ஒரு கோப்பில் அப்படி ஐந்துக்கு மேல் கண்டால் மறி. இதைவிடக் கூர்மையான வழி, கைரேகை எடுப்பது. காக்க வேண்டிய பட்டியலை ஒரு முறை அதற்கு வாசிக்கக் கொடுத்துவிட்டால், அதில் உள்ள ஒரே ஓர் ஆளின் விபரம் வேறு எந்தக் கோப்புக்குள், வேறு எந்தப் பெயரில் போனாலும் பிடித்துவிடும்.

நாங்கள் கைரேகை எடுத்துக் கொடுத்தது விவசாயிகள் பட்டியலுக்கு. மிளகை யாரும் வாங்கலாம். பல்லேகமவில் யாரிடம் சுத்தமான மிளகு இருக்கிறது, வில்கமுவவில் யாருடைய கொச்சிக்காய் காய்ந்த பிறகும் சிவப்பு மாறாது என்று தெரிந்துகொள்ளத்தான் எங்கள் கொம்பனிக்கு இருபது வருடம் பிடித்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, வங்கிக் கணக்கு எல்லாம் அதில் இருந்தன. போட்டிக் கொம்பனிகள் அதற்காக எதையும் கொடுக்கும். வில்கமுவவில் எங்கள் கொள்வனவு முகவர் அதே பட்டியலை ஒரு பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பியில் எழுதி மோட்டார் சைக்கிளின் சீட்டுக்குள் வைத்திருந்தார் என்பது தணிக்கையில் வரவில்லை. யாரும் கேட்கவில்லை.

இனி தயாபரன் சேர். எங்கள் பொது முகாமையாளர். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காய்வுத் துறையிலிருந்து வந்தவர். சட்டைப் பையில் நீலம், கறுப்பு, சிவப்பு என்று மூன்று பேனா. எதையும் நின்றுகொண்டுதான் வாசிப்பார். உட்கார்ந்தால் கண் பிழை விடும் என்பார். குரலை உயர்த்தியதில்லை. நீங்கள் என்ன சொன்னாலும் கடைசிவரை கேட்டுவிட்டு, "எழுத்தில தாரும்" என்பார். கன்டீனில் பருப்பு வேகவில்லை என்று வாயால் சொன்ன ஒருவர் அதையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

முதல் மூன்று மாதம் மென்பொருளைப் பார்க்க மட்டும் விடுங்கள், மறிக்க விடாதீர்கள் என்று கொழும்பில் படித்துப் படித்துச் சொன்னார்கள். நான் அதை எழுத்திலும் கொடுத்தேன். "வாச்சர் ஒருத்தரை வேலைக்கு வைச்சிட்டு மூண்டு மாசம் கையைக் கட்டிக்கொண்டு நில்லும் எண்டோ சொல்லுறது?" என்று தயாபரன் சேர் அன்றே மறிக்கும் நிலையில் போட்டார். மறுநாள் காலை சம்பளச் சீட்டுகள் அச்சாகவில்லை. கண் பரிசோதனை முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் நின்றது. பகல் பதினொரு மணிக்கு அவர் வங்கிக்கு அனுப்பிய கடிதத்தையே வாச்சர் மறித்தது. விதிப்படி, மறிக்கப்பட்டவர் பொது முகாமையாளருக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அவர் தமக்குத் தாமே ஒரு விளக்கம் எழுதினார். பிறகு சிவப்புப் பேனாவால் "விளக்கம் போதாது" என்று குறித்து, இன்னொரு தாளில் விரிவாக எழுதி, அங்கீகரித்துக் கோப்பிலிட்டார். அந்த இரண்டு தாளையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது அந்தத் திங்கட்கிழமை வந்தது.

காலை ஒன்பதே காலுக்குத் திரை சிவந்தது. கொள்வனவுப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்த சந்திரகுமாரியின் கணினியிலிருந்து ஒரு கோப்பு வெளியார் ஒருவரின் தனிப்பட்ட மின்னஞ்சலுக்குப் போக முயன்று நின்றிருந்தது. உள்ளே அறுநூற்றுக்கு மேல் அடையாள அட்டை இலக்கங்கள். கோப்பின் பெயர் "மிளகு ஈரம்". இதெல்லாம் பரவாயில்லை. கீழே ஒரு வரி: விவசாயிகள் பட்டியலின் கைரேகையுடன் முப்பத்தொரு பேர் பொருந்துகிறார்கள்.

பொய்ப் பெயரில் ஒரு கோப்பு, உள்ளே நம் விவசாயிகள், வெளியே அந்நிய விலாசம். கொழும்புப் பயிற்சியில் களவுக்கு உதாரணம் காட்ட இதைவிட நல்ல படம் அவர்களிடம் இருக்கவில்லை. இந்தச் சுருக்கம் என் திரைக்கு வரும்போதே தயாபரன் சேருக்கும் போய்விடும். பத்து மணிக்குள் பணி இடைநிறுத்தக் கடிதம் தட்டச்சாகிவிட்டது. விசாரணை இரண்டு மணிக்கு.

மறிக்கப்பட்ட கோப்பின் பிரதி ஒன்று வாச்சரிடம் சாட்சியாக இருக்கும். அதைத் திறக்கும் உரிமை எனக்கு மட்டும். அதையும் காரணத்தை எழுதிவிட்டுத்தான் திறக்க வேண்டும். விதியை எழுதியவர் தயாபரன் சேர். "விசாரணை" என்று எழுதித் திறந்தேன்.

திறந்ததும் விளங்கிவிட்டது. எங்கள் ஊழியர் மரண உதவிச் சங்கத்தின் பட்டியல். சந்திரகுமாரிதான் அதன் செயலாளர். வாச்சர் பண்டா முதல் பொது முகாமையாளர் வரை எல்லோருக்கும் சம்பளத்தில் சந்தா கழியும். பெற்றோர், மாமன், மாமி இறந்தால் சங்கம் கூடாரமும் உட்காரக் கதிரையும் சாப்பாடும் பார்த்துக்கொள்ளும். முன்னொரு காலத்தில் பெயர் மட்டும்தான் எழுதினார்கள். ஒரு லொறிச் சாரதி ஒரே மாமியாரை இரண்டு முறை அடக்கம் செய்து உதவி வாங்கினார். அந்த அம்மா கொம்பனி விளையாட்டுப் போட்டிக்கு வந்து கயிறிழுப்பில் கலந்துகொண்ட பிறகுதான் அடையாள அட்டை இலக்கமும் கேட்கத் தொடங்கினார்கள். சங்க வேலையைக் கொம்பனிக் கணினியில் செய்யக்கூடாது என்று முந்தைய முகாமையாளர் ஒருவர் தடை போட்டதால் கோப்புக்கு "மிளகு ஈரம்" என்று பெயர் வந்தது. அந்த முகாமையாளர் போனார், பெயர் போகவில்லை.

முப்பத்தொருவரும் விளங்கினார்கள். வில்கமுவவில் கொச்சிக்காய் போடும் தகப்பன், இங்கே பொதி கட்டும் மகள். எங்களுக்கு விற்கிறவர்களின் பிள்ளைகள் எங்களிடமே வேலைக்கு வந்திருந்தார்கள். கைரேகை எடுத்துக் கொடுத்தபோது எங்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் சந்திரகுமாரி தப்பிவிடலாம். ஆனால் காலையில் கேட்டபோது அவர் தயாபரன் சேரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்று, பட்டியலின் கடைசி இரண்டு நிரல்களைப் பார்த்தபோது விளங்கியது. ஒன்றின் தலைப்பு "நிலை". மற்றது "கதிரை".

ஒரு கல்யாண மாதத்தில் ஊழியர் ஒருவரின் தகப்பன் இறந்தபோது மாத்தளையில் வாடகைக்கு ஒரு கதிரை கிடைக்கவில்லை. கொம்பனியிலிருந்து மஞ்சள் மூட்டைகளைக் கொண்டுபோய் அடுக்கி ஆட்களை உட்கார வைத்தார்கள். வெள்ளை உடுப்பில் வந்தவர்கள் எல்லோரும் பின்பக்கம் மஞ்சளாகத் திரும்பிப் போனார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு சங்கக் கமிட்டி மாதம் ஒரு முறை கூடி, யார் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு கணிப்பு எழுதத் தொடங்கியிருந்தது. நல்லபடி இருப்பவர்களுக்கு "நடமாட்டம்". எழும்ப முடியாதவர்களுக்கு "படுக்கை". மூன்றாவது சொல் "தயார்". தயாரானவர்களுக்கு மட்டும் பக்கத்தில் கதிரை எண்ணிக்கை இருக்கும், கூடாரக் கடைக்காரர் முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதற்காக.

பத்திரிகையில் இருந்தவன் செய்வதைத்தான் செய்தேன். முதலில் என் வீட்டைத் தேடினேன். என் மாமியாருக்கு "நடமாட்டம்" என்றும், அடைப்புக்குறிக்குள் "நன்றாகவே" என்றும் இருந்தது. அடுத்த பக்கத்தில் தயாபரன் சேரின் பெயர். உறவு: தாய். நிலை: தயார். கதிரை: 200.

களஞ்சியத்தின் பின்னால் சந்திரகுமாரியைப் பிடித்தேன். கையில் ஒரு சாவிக் கொத்து. திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்து வைத்திருந்தார்.

"என்ன சந்திரா இது? சங்கத்து லிஸ்ட்டுன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிச்சே."

"சொன்னா அவரு நம்புவாரா அண்ணே? தொறந்து காட்டுன்னு சொல்வாரு. தொறந்தா அவரு அம்மா பேரு இருக்கு."

"பார்த்தேன்."

"பார்த்துட்டீங்களா?" கொஞ்சம் பின்வாங்கினார். "உங்க மாமியாரையுமா?"

"நன்றாகவேன்னு போட்டது யாரு?"

"சங்கத் தலைவர்தாங்க. போன மாசம் சந்தையில அவங்ககிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாராம்."

சிரித்துவிட்டு இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம்.

"நசீர் நானாவுக்கு இத ஏன் இமெயில்ல அனுப்புன?" நசீர் நானா என்பது கூடாரக் கடைக்காரர்.

"எப்பவும் நேர்ல போய்ச் சொல்றதுதாங்க. இந்த வாரம் அவரு கலேவெலயில ரெண்டு கல்யாணத்துக்குக் கூடாரம் அடிக்கிறாரு. லிஸ்ட்ட அப்பிடியே அனுப்புங்க தங்கச்சி, நான் பார்த்துக்கிறேன்னாரு. அனுப்புனேன். வாச்சர் புடிச்சிருச்சு."

"சேருக்கு அம்மாட நிலம தெரியாதா?"

"டொக்டர் சொல்லித்தான் இருப்பாங்க. அவரு பலவீனம், பலவீனம்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றாரு. ஆறரைக்கு வீட்ட விட்டு வந்தா ஒம்போது மணிக்குத்தான் போறாரு. அவங்கள பார்த்துக்கிற பிள்ளை பொதி கட்டுற ராணிக்கு அக்கா மக. அவ சொல்லித்தான் கமிட்டியில எழுதுனோம். ஒரு மனுசன் தன்னோட அம்மா பேருக்கு நேரா அந்த வார்த்தைய எக்ஸல்லயா பார்க்கணும்?"

"வேல போயிரும், சந்திரா."

"தெரியும்ங்க. பத்தொம்பது வருசம். மக இன்னும் ஏ.எல். எழுதல." சாவிக் கொத்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "இருந்தாலும் நீங்க தொறக்காதீங்க அண்ணே."

திறக்காவிட்டால் அவர் திருடி. திறந்தால் தயாபரன் சேர் அந்த வரியைப் பார்ப்பார். ஒன்றே முக்காலுக்கு ஒரு வழி தோன்றியது. பொருந்தியவர்களை மட்டும் வடித்துக் காட்டும் வசதி மென்பொருளில் உண்டு. தயாபரன் சேரின் தாயார் எங்களுக்கு மிளகு விற்றவர் அல்ல. முப்பத்தொரு வரிக்குள் அவர் வரமாட்டார். நான் மகா புத்திசாலி என்று ஒரு கால் மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு தயாபரன் சேரின் அறையில் மூன்று பேர். இடைநிறுத்தக் கடிதம் கையெழுத்துக்கு இடம் விட்டு மேசையில் கிடந்தது.

"முப்பத்தொரு பேர், பிள்ளை. எங்கட பட்டியல்ல இருக்கிற சனம் உம்மட கோப்புக்குள்ள எப்பிடி வந்தவை?"

சந்திரகுமாரி சாவிக் கொத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"பேர் மிளகு ஈரம். உள்ள மிளகும் இல்லை, ஈரமும் இல்லை. போனது வெளி ஆளுக்கு. நான் என்னத்தை நினைக்க?"

"என்ன வேணும்னாலும் நெனச்சுக்கங்க சேர். நான் திருடல."

"சேர்," என்றேன். "பொருந்தின முப்பத்தொரு வரியை மட்டும் காட்டுறேன். மிச்சம் விசாரணைக்குத் தேவையில்ல. தேவைக்கு மேல பார்க்கக் கூடாதுன்னு நீங்க எழுதின பாதுகாப்புக் கொள்கையில நாலாம் பந்தி இருக்கு."

தன் பந்தியை ஒருவர் எடுத்துச் சொன்னதில் அவருக்கு மகிழ்ச்சி. தலையாட்டினார். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். நின்றபடி முப்பத்தொரு வரியையும் வாசித்தார். உறுப்பினர் பெயர், உறவு, இலக்கம், ஊர், நிலை, கதிரை. இரண்டு வரிகளில் "தயார்" இருந்தது. வாசித்து முடித்து மேலிருந்து இன்னொரு முறை வாசித்தார்.

"மரண உதவிச் சங்கம்," என்றார்.

"ஆமாங்க சேர்."

"இந்தத் தயார் எண்டால் என்ன?"

சந்திரகுமாரி என்னைப் பார்த்தார். "கூடாரக்காரருக்கு முன்னாடியே சொல்லி வைக்கிறதுக்குங்க."

"கதிரை எழுபத்தைஞ்சு?"

"வர்ற ஆளுங்களுக்கு ஏத்த மாதிரிங்க சேர். இவரு பக்கம் சொந்தம் கம்மி."

தயாபரன் சேர் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு குனிந்து அதை வெளியே எடுத்து, காகிதம் அரைக்கும் இயந்திரத்துக்குள் விட்டார். பெயர் எழுதிய தாள் குப்பைக்கூடைக்குப் போகக்கூடாது என்பது ஏழாம் பந்தி.

"களவு இல்லை," என்றார் என்னிடம். "ஆனால் கசிவுதான். அறுநூறு சனத்தின்ர நோய் வருத்தம் கூடாரக் கடைக்கு ஏன்? வாச்சர் மறிச்சது சரி, மறிச்ச காரணம் பிழை. அப்பிடியே எழுதும்." சந்திரகுமாரி பக்கம் திரும்பினார். "இனிமேல் கதிரை எத்தனை எண்டு மட்டும் சொல்லும். ஆருக்கு எண்டு அவருக்குத் தேவையில்லை. போய் வேலையைப் பாரும்."

சந்திரகுமாரி கதவுவரை போய்விட்டார்.

"நில்லும். நானும் மாதாமாதம் கட்டுறன். அம்மான்ர பேர் குடுத்தனான். அந்த வரியைக் காட்டும் மோகன்."

"அது முப்பத்தொண்ணுக்குள்ள இல்லயே சேர். நாலாம் பந்தி..."

"நாலாம் பந்தியை எழுதினது நான்."

"அதனாலதான் சேர்."

நான் திரையைத் தொடவில்லை. அவர் சந்திரகுமாரி பக்கம் திரும்பினார்.

"காலைமை நான் கேட்கேக்க நீர் ஏன் வாய் திறக்கேல்லை?"

"அதுக்குத்தாங்க சேர்."

தயாபரன் சேர் உட்கார்ந்தார். எதிரே ஆட்கள் நிற்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். மேசையில் இருந்த பேனாவின் மூடியைத் திருகித் திருகிப் பூட்டினார். அது ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது.

"அவங்க உங்களத்தான் கேக்குறாங்களாம் சேர்," என்றார் சந்திரகுமாரி. "நீங்க வர்றதுக்குள்ள தூங்கிப் போயிடுறாங்களாம். பகல்ல நல்லா முழிச்சிருக்காங்களாம்."

சுவரில் மணி மூன்றாகப் பத்து நிமிடம். அத்தனை வருடத்தில் அவர், கந்தோர் நேரம் முடியும் ஐந்தரைக்கு முன்னால் வெளியே போனதில்லை. எழுந்து பேனாவைப் பையில் மற்ற இரண்டுடன் செருகினார். கார்ச் சாவியை எடுத்தார். எங்களைத் தாண்டிப் போய், கதவைத் திறந்து, கைப்பிடியை விடாமல் நின்றார்.

"கதிரை எத்தனை எண்டு போட்டிருக்கிறீர்?"

சந்திரகுமாரி என் முகத்தைப் பார்த்தார்.

"இருநூறுங்க சேர்."

எந்த எண்ணைக் கேட்டாலும் மனதுக்குள் ஒரு முறை கூட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். இதையும் பார்த்தார்.

"காணாது," என்றார். "யாழ்ப்பாணத்தில இருந்தும் சனம் வரும். முந்நூறாத் திருத்தும்."